எல்லா வாத்தியமும் ஒரே ஆள்

அன்புள்ள சார்,

நாங்கள் பெங்களூர் ஜீவன்பீமாநகரில் இருக்கிறோம். மகனுக்கு 22 வயது. கிடார், கீபோர்டு, புல்லாங்குழல், கஹோன் என்கிற பெட்டி மேளம் எல்லாம் வாசிப்பான். வார இறுதியில் லூப் பெடலை (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கால் கருவி) தூக்கிக்கொண்டு இந்திராநகர் காபிக் கடைகளில் தனி ஆளாகக் கச்சேரி செய்கிறான். எல்லாம் சொந்த மெட்டு. ஏதாவது குழுவில் சேரேன் என்றால், "மைக் ஓல்ட்ஃபீல்டு என் வயதுக்கு முன்பே தனியாக ஒரு ஆல்பமே போட்டார்" என்கிறான். அவன் சொல்வது சரியா? வேலையை விட்டுவிடுவானோ என்றும் பயம்.

எம்.

அன்புள்ள எம்.,

பாதி சரி. அவன் சொல்கிற ஆல்பம், இங்கிலாந்து இசைக்கலைஞர் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்', 1973 மே 25 அன்று வந்தபோது அவருக்கு 20 வயது முடிந்து பத்தே நாள். 'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப்படத்தில் வயிற்றைக் கலக்கும் அந்தப் பியானோ அதன் தொடக்கம்தான். வாத்தியங்களில் பெரும்பாலானவை அவர் வாசித்தவை. ஆனால் டிரம்ஸும் புல்லாங்குழலும் வேறு ஆட்கள்.

அதற்கு முன்பு நடந்ததை உங்கள் பிள்ளை விட்டுவிட்டான். பதின்ம வயதிலேயே அக்காவோடு சேர்ந்து நாட்டுப்புறப் பாட்டு, பிறகு கெவின் ஏயர்ஸ் என்ற பாடகரின் குழுவில் பேஸ் கிடார். பேஸ் என்றால் பின்னால் நின்று அடுத்தவர் பாட்டைத் தாங்குகிற வேலை. அந்தக் குழு கலைந்தபோது ஏயர்ஸிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரில்தான் ஆல்பத்தின் முதல் வடிவம் உருவானது. டேப்பில் புதிதாகப் பதிவதற்கு முன் பழையதை அழிக்க ஒரு ஹெட் உண்டு. அதை ஒரு அட்டைத் துண்டால் மறைத்துவிட்டார். பழைய வாசிப்பு அழியாமல் அதன் மேலேயே புதியது ஏறும். கை தவறினால் தவறும் அங்கேயே தங்கிவிடும். லூப் பெடலில் அந்தக் கஷ்டமில்லை, காலால் ஒரு மிதி, கடைசி அடுக்கு போய்விடும்.

இன்னொன்றையும் அவனிடம் கேளுங்கள். ஆல்பம் வந்த அடுத்த மாதமே லண்டன் குயீன் எலிசபெத் ஹாலில் அதை மேடையேற்றியபோது எத்தனை பேர் வாசித்தார்கள்? ஒரு பட்டாளமே. ஓல்ட்ஃபீல்டு மேடையேறவே தயங்க, ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியின் முதலாளி ரிச்சர்ட் பிரான்சன் தன் பென்ட்லி காரைத் தருவதாகச் சொல்லி ஏற்றினார் என்பது பிரபலமான கதை.

இங்கிலாந்துக்குப் போவானேன், இளையராஜாவைப் பாருங்கள். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு கன்னடப் படங்களில் கொடிகட்டிப் பறந்த ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர். மற்றவர்கள் இசையில் கிடாரும் ஆர்கனும் வாசித்த வருடங்கள் அவை.

என் கதையையும் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசி, அல்சூர் பூப்பல்லக்கு இரவு. தெருமுனை மேடையில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா, நான் கீபோர்டு. பாடகர் இரண்டாவது சரணத்தை மறந்து நேராகப் பல்லவிக்குத் தாவிவிட்டார். தபலா, பேஸ், டிரம்ஸ் மூன்றும் அரை நொடியில் அவர் பின்னால் போய்விட்டன. நான் மட்டும் இடையிசையைக் கண்ணை மூடி உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தேன். தபலாக்காரர் என் ஸ்டூலை எட்டி உதைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். கூட்டத்தில் ஒரு பாட்டி சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது! அதற்கப்புறம் பாடகரின் உதட்டைப் பார்க்காமல் நான் வாசித்ததில்லை.

லூப் பாட்டை மறக்காது, தாவாது, உதைக்கவும் செய்யாது. அதுதான் என் கவலை. உங்கள் மகன் நாலு வாத்தியம் வாசிக்கிறான், சந்தோஷம். ஆனால் நாலையும் கேட்பது அவனுடைய ஒரே காதுதான்.

வேலை விஷயம்: கச்சேரிகள் வார இறுதியில்தானே, இப்போது விட அவசியமே இல்லை.

ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் பக்கம் பழைய பாட்டு வாசிக்கிற குழு ஏதாவது கண்ணில் படும். இரண்டாவது கீபோர்டாக உட்காருகிறேன் என்று கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் பெரிதாக இராது, பிரியாணி நிச்சயம். பெடலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.