சிறப்புக் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய்தானா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மூளை முடக்குவாதம், மாற்றுத்திறனாளி சான்றில் 80 சதவீதம். தானாக உட்கார முடியாது. ‘அரசு இவனுக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய்தான் தருது, அதில் நாற்காலி எப்படி வாங்குறது?’ என்கிறார்கள் பள்ளியில். அவ்வளவுதானா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லையம்மா. அது உங்கள் மகன் பெயரில் ஒதுக்கிய பணம் அல்ல. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்‌ஷா) ஆண்டுத் திட்டம் போடும்போது தலைக்கு இவ்வளவு என்று வைக்கும் கணக்கு. 2018-ல் வைத்தது, 2021-ல் திட்டத்தை நீட்டித்தபோதும் கூட்டவில்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் தேவைப்படும் பிள்ளைக்கும் உங்கள் மகனுக்கும் ஒரே தொகை என்பது அநியாயம்தான். ஆனால் சிறப்புப் பயிற்றுநர் சம்பளம் இதில் சேராது. உதவி உபகரணங்கள் செய்யும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ மூலம் வரும் நாற்காலிக்கு 60 சதவீதத்தை மத்திய சமூக நீதித் துறையின் உபகரணத் திட்டம் ஏற்கிறது. மீதி 40 சதவீதம்தான் கல்வித் திட்டத்தின் பங்கு.

முதலில் பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவான எமிஸில் மகனின் குறைபாட்டு வகை ஏறியிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் பாருங்கள். அது விடுபட்டால் திட்டக் கணக்கிலேயே பிள்ளை வரமாட்டான். பிறகு வட்டார வள மையத்தில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, ஆதார், வருமானச் சான்று, புகைப்படம் கையில் இருக்கட்டும்.

பெரும்பாலும் கோளாறு நடப்பது அளவெடுப்பதில். ‘சக்கர நாற்காலி’ என்று மட்டும் எழுதினால் சாதாரண நாற்காலி வந்துவிடும். பிள்ளை ஒருபக்கம் சரிவான், தலை முன்னால் விழும். ‘தலைத்தாங்கி, மார்புப் பட்டை, முன்பலகை உள்ள சி.பி. (மூளை முடக்குவாத) நாற்காலி’ என்று படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இருக்கை அகலம் இடுப்பு அகலத்தைவிட ஓரிரு அங்குலம் கூட இருக்கலாம். ஆழம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தைவிட இரண்டு அங்குலம் குறைய வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு மடிப்பில் அழுத்தும், அவன் வழுக்கி இறங்குவான். முகாமில் அளந்து, பொருள் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவான். வாங்கும் அன்றே உட்காரவைத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு துறை, வேறு மனு. வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுங்கள்.

கேள்வி: ‘வீட்டிலேயே பயிற்சி தருகிறோம், பள்ளிக்கு வேண்டாம்’ என்கிறார்கள். மறுக்கலாமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: தாராளமாக. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி, பல்வகை அல்லது கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி ஓர் உரிமை; அதைப் பள்ளி திணிக்க முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி தருகிறது. பள்ளி சேர்க்க மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கொண்டுவந்து விட ஆள் இல்லை என்பது காரணமானால், போக்குவரத்துப் படியும் துணையாள் படியும் கேட்டு வட்டார வள மைய மேற்பார்வையாளரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆண்டுத் திட்டம் போடும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஜூன் வரை காத்திராமல் டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.