நைட் டியூட்டி பார்க்கும் டாக்டர்களுக்கு ஒற்றைத் தலைவலி ஏன் அடிக்கடி வருகிறது?

மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி, மூளை நரம்புகள் எளிதில் தூண்டப்படுவதால் வருவது. குமட்டலும் வெளிச்சம் தாங்காமையும் சேர்ந்துகொள்ளும்; 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கலாம். இந்த நரம்புகளுக்குத் தூக்கமும் சாப்பாடும் நேரம் தவறக் கூடாது. முறைத் தண்ணீர் தள்ளிப்போனால் கடைமடை வயல்தானே முதலில் வாடும்?

தஞ்சாவூர்ப் பக்கம் இரவெல்லாம் வார்டு பார்த்துவிட்டு, வெறும் காபியோடு ஓபியில் உட்காரும் டாக்டருக்கு டியூப் லைட்டே கண்ணைக் குத்தும். அந்த நேரத்தில் எழுதும் டோஸை நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது மிக அவசியம்.

கைக்கெட்டும் மாத்திரைதான் பெரிய வம்பு. பாராசிட்டமாலை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதம் தாண்டியும் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

பெயரில் 'ஒற்றை' இருந்தாலும், இரண்டு பக்கமும் வலிக்கலாம்.