கார்பன்-12 எப்படி அளவுகோல் ஆனது?

அன்புள்ள ஐயா,

அணு நிறைக்கு முதலில் ஹைட்ரஜன், பிறகு ஆக்சிஜன், இப்போது கார்பன்-12 என்று பாடத்தில் வருகிறது. இருப்பதிலேயே லேசானது ஹைட்ரஜன்தானே, அதையே வைத்திருந்தால் என்ன? கார்பன் 12 என்றால் அட்டவணையில் ஏன் 12.011 என்று இருக்கிறது?

பிளஸ் ஒன் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

லேசாக இருப்பது ஒரு தகுதியே அல்ல. எதோடு நேரடியாக ஒப்பிட்டு அளக்க முடியும் என்பதுதான் கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் அணு நிறையைத் தராசில்தான் கண்டார்கள்: உலோகத்தை நிறுத்து, ஆக்சைடாக்கி, மறுபடி நிறுப்பது. ஆக்சிஜனோடு சேராத உலோகம் அபூர்வம். ஹைட்ரஜனோடு நிறுக்கத் தோதான சேர்மம் தருபவையோ கொஞ்சம். அதனால் ஹைட்ரஜன் 1 என்று வைத்தாலும் கணக்கு ஆக்சிஜன் வழியாகத்தான் போகும். தண்ணீரில் இரண்டும் என்ன விகிதத்தில் சேர்கின்றன என்ற ஒரே அளவீட்டில் மொத்த அட்டவணையும் தொங்கும். 1842இல் பிரெஞ்சு வேதியியலாளர் டூமா அளந்தபடி ஆக்சிஜன் 15.96, 1895இல் அமெரிக்க வேதியியலாளர் மோர்லி அளந்தபடி 15.879. வெள்ளியை யாரும் தொடவே இல்லை, ஆனால் அதன் நிறை 107.6இலிருந்து 107.1 ஆகிவிடும்! ஆக்சிஜனை 16 என்று கட்டிப்போட்டால் அசைவது ஹைட்ரஜன் மட்டும்தான், 1.008 என்று.

1929இல் ஆக்சிஜன்-17, 18 ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) தெரியவந்ததும் சிக்கல். இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16ஐ 16 என்றார்கள்; வேதியியலாளர்கள் இயற்கைக் கலவையை 16 என்றார்கள். இரண்டு அளவுகோல்கள், இடைவெளி லட்சத்தில் 27 பங்கு. போதாததற்கு அந்தக் கலவையே நிலையானதல்ல. காற்றில் உள்ள ஆக்சிஜன் கடல்நீரில் உள்ளதைவிடச் சற்றுக் கனம்.

ஒரே ஐசோடோப் கொண்ட ஃப்ளூரினையும் யோசித்தார்கள். ஆனால் நிறைமாலைமானியில் (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) ஒரே நிறை எண் கொண்ட இரண்டு அயனிகளுக்கு இடையிலான சிறு வித்தியாசத்தைத்தான் துல்லியமாக அளக்க முடியும். மீத்தேன் 16.0313, ஆக்சிஜன் அணு 15.9949 என்பதுபோல. ஏறக்குறைய எந்த நிறை எண்ணுக்கும் ஜோடியாக ஒரு ஹைட்ரோகார்பன் அயனி கிடைக்கும். ஃப்ளூரினால் அது ஆகாது. 1957இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆல்ஃப்ரட் நியர் கார்பன்-12ஐ முன்மொழிந்தார். வேதியியலாளர்களின் எண்கள் லட்சத்தில் 4 பங்குதான் மாறும் என்பதால் அவர்களும் சம்மதித்தார்கள். என் கணிப்பில் விஷயத்தை முடித்தது இதுதான். 1960இல் சர்வதேச இயற்பியல் சங்கமும் 1961இல் சர்வதேச வேதியியல் சங்கமும் ஏற்றன.

12.011 எந்த ஒரு கார்பன் அணுவின் நிறையும் அல்ல. இயற்கைக் கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13 (13.00335) இருக்கிறது, 12.011 அந்தக் கலவையின் சராசரி. மாதிரி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அது 12.0096 முதல் 12.0116 வரை மாறும். கணக்கில் ‘கார்பன்-12’ என்றிருந்தால் 12 போடு. வெறும் ‘கார்பன்’ என்றிருந்தால் 12.011.