செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

கேள்வி: தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டி எங்கள் வயல். பழைய டீசல் டிராக்டர், 35 ஹெச்பி. தை அறுவடைக்குப் பிறகு கொட்டகையிலேயே நின்றது. புழுதி உழவுக்கு எடுக்கலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கு எரிகிறது. பேட்டரி போன வருடம் வாங்கியது. ஒருவர் ஸ்பார்க் பிளக்கைப் பார் என்கிறார், இன்னொருவர் செல்ஃப் மோட்டாரையே மாற்று என்கிறார். என்ன செய்வது?

பதில்: டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். ‘டக்’ சத்தம் வருவதால் சாவி சுவிட்சும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சாலினாய்டு வரை மின்சாரம் போகிறது. கோளாறு பேட்டரியிலோ, தடித்த வயர்களிலோ, சாலினாய்டிலோ, மோட்டாரிலோ இருக்கலாம். உங்கள் கடற்கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் வயரை, அதாவது பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு இணைக்கும் வயரை.

விளக்கு எரிவதை நம்பாதீர்கள். விளக்குக்கு சில ஆம்பியர் போதும், செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கண்மாய் மடையில் புல் அடைத்திருந்தால் தண்ணீர் கசியும், வயலுக்குப் பாயாது, அதே கதைதான். இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் 4 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். உப்புக்காற்று மழையில்லாத மாதத்திலும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். செம்பு வயரும் இரும்புச் சட்டமும் சேருகிற இடத்தை அந்த ஈரம் அரிக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் வயர், உறைக்குள் கறுத்துப் போயிருக்கும்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு மேலே பாருங்கள். மாதக்கணக்கில் நின்றால் நல்ல பேட்டரியும் இறங்கும். சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை ஒரு கடையில் சோதித்துவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான சோதனை. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பிரேக் போட்டிருக்கட்டும், இன்ஜினை நிறுத்தும் நாப்பை இழுத்து வையுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் தலையிலும் (கிளாம்பில் அல்ல) சிவப்பு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைக்க வேண்டும். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து மூன்று நான்கு விநாடி சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று, இரண்டு என்று ஏறினால் எர்த்தில்தான் கோளாறு.

எர்த் சரி என்றால், சாலினாய்டிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குள் போகும் பெரிய போல்ட்டுக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். சாவி திருப்பும்போது 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் சுற்றவில்லை என்றால் அப்போதுதான் மோட்டார் மேல் பழி போடலாம். அப்போதும் கார்பன் பிரஷ், புஷ் மாற்றினாலே பல மோட்டார்கள் ஓடும். அங்கே ஒன்றுமே வராமல் பேட்டரி மட்டும் 12-லேயே நின்றால், சாலினாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கும், இல்லையென்றால் பிளஸ் வயர் போயிருக்கும்.

எர்த்தைச் சரிசெய்வது பெரிய செலவில்லை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பேட்டரி தலையிலுள்ள வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். பேட்டரிக்குள் போகக் கூடாது. லக் (வயர் முனையிலுள்ள வளையம்) உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். பெயின்ட் அடித்த டிராக்டர் என்றால் லக்குக்கு அடியிலும் பெயின்ட் இருக்கும், அதையும் சுரண்ட வேண்டும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். உறையைச் சற்று உரித்தால் செம்பு கறுப்பாக இருக்கிறதா? வயரையே மாற்றுங்கள், பழையதைவிட மெலிதாக வாங்க வேண்டாம். பேட்டரி மைனஸிலிருந்து செல்ஃப் மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டுக்கு நேராக இன்னொரு எர்த் கொடுப்பதும் கடலோர வண்டிகளுக்கு நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தரையில் நின்றுகொண்டு ஸ்குரூடிரைவரால் சாலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணுவது. கியரில் இருந்தால் வண்டி கிளம்பி, பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்கிற ஆள்மேல் ஏறிவிடும். உழவுக்கு ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

அடுத்த அறுவடை முடிந்து நிறுத்தும்போது மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை பேட்டரிக்குச் சார்ஜ் போடுங்கள்.