சியான்ல என்ன சாப்பிடலாம், எதைப் பாக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிக்கூட லீவுக்கு மனுசர், பிள்ளையள், நான் எல்லாரும் சீனாவில சியான் நகரத்துக்குப் போறம். அவர் மாடு தொடமாட்டார், நான் வெள்ளிக்கிழமையில மரக்கறி. பாணும் வாழைப்பழமும்தான் கதியா அண்ணா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: பாண் கட்டிக்கொண்டு போகாதீங்கோ தங்கச்சி. சியான் கோதுமை விளையிற பக்கம், சோத்தைவிட நூடில்ஸும் ரொட்டியும்தான் அங்க பெரிசு, அதால உங்கட வெள்ளிக்கிழமை லேசாப் போயிரும். பியாங்பியாங் நூடில்ஸ் எண்டு ரெண்டு மூண்டு விரல் அகலத்தில இழுத்து அவிச்சு, மேல மிளகாய்த்தூளும் உள்ளியும் வெங்காயத்தாளும் குவிச்சு, அதுக்கு மேல நல்லாக் காய்ஞ்ச எண்ணெயை ஊத்துவினம், ஊத்தேக்க சர்ரெண்டு சத்தம் வரும், அந்த வாசத்துக்கே பசிக்கும். இறைச்சி போடாததாக் கேட்டு வாங்குங்கோ. லியாங்பி எண்ட குளிர் நூடில்ஸும் இருக்கு, வெள்ளரிக்காய், வினாகிரி, மிளகாய் எண்ணெய், அவ்வளவுதான். சூப்பில மிதக்கிற எதையும் அண்டைக்கு விட்டிருங்கோ, அடியில எலும்பு அவிஞ்சிருக்கும்.

மனுசரிட விசயம்தான் கொஞ்சம் கவனம். ரொஜாமோ எண்டு ரொட்டிக்குள்ள இறைச்சி கொத்தி வச்சு விக்கினம். முஸ்லிம் தெருப் பக்கம் வாங்கினா அது பெரும்பாலும் மாடு, வெளியில வாங்கினா பண்டி. ரெண்டுமே சரிவராத ஆளுக்கு கம்பியில குத்திச் சுட்ட ஆட்டிறைச்சி இருக்கு, சீரகம் தூவித் தருவினம், அவர் அதிலயே வயிறு நிரப்பலாம். ஆட்டிறைச்சி பாவ்மோ எண்ட ரொட்டிச் சூப் ஊரிட பேர்போன சாப்பாடு, ஆனா கன கடையில ஆடும் மாடும் ரெண்டும் விக்கிறதால சூப் கலந்திருக்கலாம், கேட்டிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கோ. பிள்ளையளுக்கு அது நல்ல விளையாட்டு. கோப்பையும் கல்லுமாதிரி ரொட்டியும் கையில தருவினம், நகத்தளவுக்குப் பிச்சுப் போட்டுக் குடுத்தா குசினிக்கு எடுத்துக்கொண்டு போய் சூப்பில கொதிக்க வச்சுக் கொண்டு வருவினம். பெரிய துண்டாப் பிச்சா உள்ளுக்க சூப் ஊறாது. தொட்டுக்கொள்ள இனிப்பு ஊறுகாய் உள்ளி.

அந்த முஸ்லிம் பக்கத்தில பெரிய தெரு பெய்யுவான்மென் முழுக்க சுற்றுலாச் சனம், போட்டோ எடுத்திட்டு சாஜின்ச்சியாவ் பக்கம் நடவுங்கோ, ஊராக்கள் சாப்பிடுறது அங்கதான். அப்பிடியே பெரிய பள்ளிவாசலையும் பாத்திருங்கோ, 742ல தொடங்கினதாச் சொல்லுவினம், குவிமாடம் ஒண்டும் இல்லை, முழுக்க சீன மரக்கூரை.

கேள்வி: சியான்ல மண் சிப்பாய்ச் சிலைகளைப் பாக்க டூர்காரனோட போறதா, தனியப் போறதா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தனியப் போகலாம். நகரத்தில இருந்து கிழக்க 40 கிலோமீற்றர் அளவு. சீனாவின்ர முதல் பேரரசரிட கல்லறைக்காகச் செய்த சிலைகள், 1974ல கிணறு வெட்டின கமக்காரர் கண்டெடுத்தது. ரிக்கற்றை முதலே பதிஞ்சு, பாஸ்போட்டைக் கையில வச்சிருங்கோ. வாசல்ல வந்து குறைஞ்ச விலையில கூட்டிக்கொண்டு போறன் எண்டு நிக்கிறவையோட போகாதீங்கோ, வேற எங்கயோ போலிச் சிலைகளுக்கு முன்னால விட்டிருவினம். சிலைகள் நிக்கிற குழிகளில முதலாம் குழிதான் பெரிசு, மூண்டாவது சின்னன், சனம் தள்ளாத நேரமா முதலாவதுக்குப் போனாக் காணும்.

மிச்ச நேரத்தை மதிலுக்கு வையுங்கோ. மிங் காலத்து நகர மதில், சுத்திவர 13 கிலோமீற்றருக்கு மேல, மேல சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். வெயில் சாயேக்க ஏறுங்கோ, மத்தியானம் நிழலே இல்லை.

கேள்வி: எங்கட நாட்டுக்கும் அந்த ஊருக்கும் ஏதும் தொடர்பு இருக்கா? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: இருக்கு, நல்லா இருக்கு. பாஹியன் எண்ட சீனப் பிக்கு 399ல அந்த ஊரில இருந்துதான் நடக்கத் தொடங்கினவர், அப்ப அதுக்குப் பேர் சாங்ஆன். இந்தியா முழுக்கச் சுத்தி இலங்கைக்கு வந்து ரெண்டு வருசம் இருந்தவர். அனுராதபுரத்தில ஒரு வியாபாரி சீனத்து வெள்ளைப் பட்டு விசிறியைப் புத்தருக்குப் படைக்கிறதைக் கண்டு அழுததா அவரே எழுதியிருக்கிறார். பிறகு இந்தியாவுக்கு வந்த சுவான்சாங் எண்ட சீனப் பிக்கு காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவர், இலங்கையில குழப்பமும் பஞ்சமும் எண்டு கேள்விப்பட்டு வராமலே திரும்பிட்டார். அவர் கொண்டுபோன ஏடுகளுக்காக 652ல முதல்ல கட்டி, பிறகு திரும்பக் கட்டின கோபுரம் சியான்ல இண்டைக்கும் நிக்குது.

கேள்வி: போன், காசு? (வாசகி, தெஹிவளை)

பதில்: வாட்ஸ்அப், கூகிள் ரெண்டும் அங்கத்தைய வைஃபைல வேலை செய்யாது, ரோமிங் போட்டுக்கொண்டு போங்கோ. அலிபே எண்ட போன்ல காசு கட்டுற ஆப்பில உங்கட வீசா கார்ட்டை இங்கயே சேத்து வையுங்கோ, ஒரு கோப்பை லியாங்பிக்கும் கியூஆர்தான். விசா கட்டாயம் எடுக்கோணும், வேற நாட்டுக்குப் போற வழியில 240 மணித்தியாலம் விசா இல்லாமத் தங்கவிடுற நாடுகளிட பட்டியலில இலங்கை இல்லை.