இரவில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்

கேள்வி: எனக்கு வயது 39. கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் விடிய விடிய கம்ப்யூட்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுவோம். இப்போது வேலை, இரண்டு குழந்தைகள். அவர்கள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கிறது, ஆன்லைனில் டோட்டா 2 ஆட உட்காருகிறேன். பாதி ஆட்டத்தில் சின்ன மகள் எழுந்து அழுவாள், நான் ஓட வேண்டும். திரும்பி வந்தால் டீமில் திட்டு, பாதியில் விட்டதற்குத் தண்டனை. முழுதாக ஆடினாலும் பாதிக்குப் பாதி தோல்விதான். போன வாரம் ஒரு பையன் மைக்கில், ‘இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்றான். மனைவி எதுவும் சொல்வதில்லை, ஆனால் எனக்கே குற்ற உணர்வாக இருக்கிறது. மொத்தமாக விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் இப்போது ஆடுகிற மாதிரி ஆடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். மகளின் அழுகை, டீமின் திட்டு, தோல்வி, குற்ற உணர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து கிளம்புவதாகத்தான் எனக்குப் படுகிறது. உங்களிடம் இருப்பது எந்த நிமிடமும் அறுந்துபோகக்கூடிய ஒரு மணி நேரம். அதில் நீங்கள் ஆடுவது டோட்டா 2. ஒரு மேட்ச் சாதாரணமாகவே 40 நிமிடம் ஓடும், சில நாள் ஒரு மணி நேரத்தையும் தாண்டும், ஐந்து பேர் டீமில் ஒருவர் எழுந்துபோனால் மீதி நாலு பேருக்கும் ஆட்டம் கெட்டுப்போகும். ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதுதான், ஆனால் முன்பின் தெரியாத ஒன்பது பேர் உங்கள் மகள் மறுபடி தூங்கும்வரை காத்திருக்க மாட்டார்கள், எதிர் டீமில் இருப்பவரே அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

மகள் அழுதபோது எழுந்துபோனது சரி, அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. தப்பு அதற்கு முன்னால், அந்த மேட்ச்சை ஆரம்பித்ததில் இருக்கிறது. உங்களைத் திட்டிய விதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த நாலு பேரில் உங்களைப் போலவே குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒருவரும் இருந்திருக்கலாம், அவருடைய ஒரு மணி நேரமும் சேர்ந்துதான் போனது. பாதியில் விடுகிறவர்களுக்குத் தண்டனை வைத்திருப்பதே இதற்காகத்தான். டோட்டாவில் இது தொடர்ந்தால் தண்டனை பெற்றவர்களுக்கான தனி வரிசையில் தள்ளிவிடுவார்கள், அங்கே சொன்ன எண்ணிக்கையில் ஜெயித்தால்தான் வெளியே வர முடியும். தினம் ஒரு மணி நேரம் உள்ளவருக்கு அதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

அதனால் ஆட்டத்தை மாற்றுங்கள். இனிமேல் எந்த ஆட்டத்தை எடுத்தாலும், எத்தனை நிமிடத்தில் முடியும், நடுவில் எழுந்தால் யாருக்கு நஷ்டம், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். ராக்கெட் லீக் என்று கார்களை வைத்து ஆடும் கால்பந்து ஒன்று உண்டு, கடிகாரத்தில் ஒரு மேட்ச் 5 நிமிடம், சமன் ஆனால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டீப் ராக் கேலக்டிக் நாலு பேர் வரை ஒன்றாகச் சேர்ந்து குகைக்குள் சுரங்கம் தோண்டும் ஆட்டம், தனியாகவும் ஆடலாம், அப்போது நிறுத்திவைத்துவிட்டுப் போய்வரலாம். ஹெல்டைவர்ஸ் 2 என்ற, கூட்டாகச் சேர்ந்து சுடும் ஆட்டத்தில் ஒருவர் நடுவில் போனால் வேறொருவர் அதே ஆட்டத்துக்குள் வந்து சேர முடியும். இவற்றைவிட நிம்மதியானது ஆன்லைன் செஸ்ஸில் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று கெடு வைத்து ஆடுவது. மகள் எழுந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம், எதிரில் ஆடுகிறவருக்கு நீங்கள் எழுந்துபோனதே தெரியாது.

தோல்வியைப் பற்றி. பாதிக்குப் பாதி தோற்பதாகச் சொல்கிறீர்கள். அது நீங்கள் மோசமாக ஆடுவதால் அல்ல, சமபலம் உள்ளவர்களைத் தேடி மோதவிடும் மேட்ச்மேக்கிங் ஒழுங்காக வேலை செய்வதால். ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ் வீரர்களுக்கு ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார், உலக செஸ் கூட்டமைப்பு 1970-இல் அதை எடுத்துக்கொண்டது. இன்றைய ஆன்லைன் ஆட்டங்கள் பலவும் அந்த வழியில் வந்த கணக்கை வைத்துத்தான் எதிராளியைத் தேடுகின்றன. ஜெயித்தால் எண் ஏறும், இன்னும் பலமானவர் வருவார், தோற்றால் இறங்கும். கடைசியில் ஏறக்குறைய பாதி ஜெயிக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். தினம் ஆறு மணி நேரம் ஆடுகிறவரும் அவருடைய மட்டத்தில் பாதி தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே அந்த எண்ணுக்காக ஆடும் ரேங்க்டு ஆட்டங்களின் பக்கமே போகாதீர்கள். அந்த எண்ணை ஏற்ற நிறைய மேட்ச் வேண்டும், உங்களிடம் இல்லாதது அதுதான்.

அந்தப் பையனை மறந்துவிடுங்கள். அவன் குரல் உங்கள் காதுக்கு வந்திருக்கவே வேண்டாம், முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது வாய்ஸ் சாட்டை ஆரம்பத்திலேயே மியூட் செய்துவிடலாம். டீமோடு பேசாமல் எப்படி ஆடுவது என்று தோன்றும். 2019-இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் ஒரு பட்டனை அழுத்தி, இங்கே எதிரி, இங்கே துப்பாக்கி, இந்தப் பக்கம் போகலாம் என்று காட்டிவிடலாம், வாயே திறக்க வேண்டாம். அப்புறம் 2012-இல் வந்த ஜர்னி. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம். பாலைவனத்தில் நடந்துகொண்டே இருக்கும்போது எங்கிருந்தோ இன்னொருவர் வருவார், பெயர் தெரியாது, பேச முடியாது, எழுத முடியாது, ஒரு சின்ன இசை ஒலி மட்டும் எழுப்பலாம். அவர் கூப்பிட நீங்கள் பதில் கொடுக்க, பனியில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நடந்து மலை உச்சிவரை போவீர்கள். கூட வந்தவரின் பெயர் எல்லாம் முடிந்த பிறகுதான் திரையில் வரும். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. முகம் தெரியாதவர்களோடு ஆடுவது இப்படியும் இருக்கும் என்பதற்காகத்தான் சொல்கிறேன், இதுவரை உங்களுக்கு வாய்த்தது திட்டு மட்டும்தான் போலிருக்கிறது.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் ஒன்று: சீசன் முடிவதற்குள் இத்தனை லெவல் ஏறினால்தான் பரிசு என்று வரும் பேட்டில் பாஸை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் பிடிக்கிறதோ இல்லையோ, காசு வீணாகிறதே என்று தினமும் உட்காருவீர்கள். சில ஆட்டங்களில் அதற்குக் காலக்கெடு கிடையாது, ஹெல்டைவர்ஸ் 2 அப்படித்தான், அது பரவாயில்லை.

சரி, குற்ற உணர்வு. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருக்கிறது. ஆட்டம் கட்டுப்பாட்டை மீறிப்போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாகிவிடுவது, கெடுதல் நடந்த பிறகும் நிறுத்தாமல் ஆடுவது, இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்து, குடும்பத்தையோ வேலையையோ கடுமையாகப் பாதித்தால்தான் அந்தப் பெயர். மகள் குரல் கேட்டதும் எழுந்து ஓடுகிற உங்கள் கடிதத்தில் அது எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் கவலைப்படுவது உங்கள் தூக்கத்தைப் பற்றித்தான். ‘ஒன்று ஜெயித்துவிட்டுப் படுக்கலாம்’ என்ற நினைப்பில் அந்த ஒரு மணி நேரம் இரண்டரை ஆகும். ஜெயித்தாலும் தோற்றாலும் இத்தனை மணிக்கு எழுந்துவிடுவேன் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி எதுவும் சொல்வதில்லை என்பதற்கு நீங்களாக அர்த்தம் கற்பிக்காதீர்கள். கேட்டுவிடுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்று சொல்லுங்கள், அதே மாதிரி அவருக்கென்று ஒரு மணி நேரம் எப்போது, அன்று குழந்தை எழுந்தால் நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும் பேசிவிடுங்கள். நீங்கள் ஒளிந்து ஆடுகிற மாதிரி இருப்பதால்தான் இவ்வளவு உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரி. ‘நாங்கள் ஐந்து பேர்.’ அந்த மற்ற நாலு பேர் இப்போது எங்கே? அவர்களுக்கும் வேலை, குழந்தை எல்லாம் வந்திருக்கும், அவர்களில் ஒருவராவது இரவு பதினொரு மணிக்கு உங்களைப் போலவே தெரியாத டீமிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார். தெரிந்தவர்களோடு ஆடும்போது குழந்தை அழுதால், ‘டேய், நீ போய்ப் பாரு, நாங்க இருக்கோம்’ என்பார்கள், ஆட்டம் போனாலும் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். பழைய வேகம் ஒருவருக்கும் இருக்காது, நன்றாகத் தோற்பீர்கள், இருக்கட்டும். ஐந்து பேரும் சேர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், இரண்டு பேர் போதும். இன்றைக்கே ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள், நலம் விசாரித்து நீளமாக எல்லாம் வேண்டாம், ‘வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர்றியா, ஒரு மணி நேரம்தான்’ என்று மட்டும்.