பொரிகடலை சிக்கினால் விரலை விடலாமா?

பத்து மாதக் குழந்தைக்குத் தொண்டையில் பொரிகடலை சிக்கியபோது பாட்டி விரலை விட்டு எடுத்தது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை தப்பித்தீர்கள். கண்ணுக்குத் தெரியாததைத் துழாவினால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

குழந்தை சத்தமாக இருமினால் காற்று போகிறது என்று அர்த்தம், இருமவே விடுங்கள். சத்தமே வராமல் திணறினால், முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 தட்டு. வரவில்லையா? மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்து. கடலை வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். குழந்தை துவண்டுவிட்டால் உடனே சிபிஆர்தான் (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு ஊதும் முதலுதவி). ஒரு வயதுக்குள் வயிற்றை அமுக்கவே கூடாது, ஈரல் காயப்படும்.

அப்புறம், அன்றிலிருந்து இருமலோ வீசிங்கோ விடவில்லை என்றால் கடலைத் துண்டு மூச்சுக்குழலில் தங்கியிருக்கலாம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.